பின்தோள்காரன் சொன்ன பதில்

என் ஆசை மதினி நூர்ஜகானுக்கு,

சலாம். அங்கே குளிர் எப்படி? கொடைக்கானலில் ஆயுசு முழுக்கக் குடியிருந்துவிட்டு, மார்கழி வந்தால் போதும், என்னவோ அன்றைக்குத்தான் முதல் தடவையாக மலையேறி வந்தவளைப் போல நடுங்குவாயே, அதனால் கேட்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் டோலி நாவல் புத்தகமாக வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. நீ சொன்னபடி ஒரு வரி வெட்டவில்லை. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. பின்தோள்காரன் என்ன பதில் சொன்னான் என்று தெரிந்துவிட்டது! விடுதி அறையில் ஆரம்பித்து உன் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் நாம் மண்டையைப் பிய்த்துக்கொண்டோமே, அதே பதில்தான். இரு, இரு, பறக்காதே. எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. இந்தத் தடவை நான் சொல்கிற வரிசையில்தான் கேட்க வேண்டும்.

நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற மகேஸ்வரிக்கு, கொடைக்கானல் பஜாரில் சாக்லேட் கடை வைத்திருந்த நூர்ஜகான் எப்படி மதினி ஆனாள் என்று அவர்கள் குழம்புவார்கள் இல்லையா?

நாம் மலைமேல் எம்.ஏ. தமிழ் படித்த காலத்திலேயே உனக்கும் ஜாபர் அண்ணனுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. விடுதிக்கு ஆண்களில் அப்பாவும் உடன்பிறந்தவர்களும்தான் வரலாம். ஒரு சனிக்கிழமை அவர் ஸ்வெட்டரும் தொப்பியுமாக, கையில் ஒரு பை பிளம்ஸ் பழத்தோடு வாசலில் வந்து நின்றார். கட்டிக்கொள்ளப் போகிறவரை அண்ணன் என்று உன்னால் சொல்ல முடியுமா? தவ்பா தவ்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாய். நான்தான் வார்டனிடம் போய், “எங்க அண்ணன் வந்திருக்காரு மேடம்” என்றேன். பட்டை விபூதியோடு நான், தாடியோடு அவர். வார்டன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “பெரியம்மா பையனா?” என்று கேட்டார். “ஆமாங்க மேடம், கொஞ்சம் தூரத்துப் பெரியம்மா” என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நீ எனக்கு மதினி. அந்த உறவை வைத்துக்கொண்டு நீ என்னைப் பண்ணிய கேலியை உண்மையான நாத்தனாராக இருந்தால் தாங்கியிருக்க மாட்டாள்.

கல்லூரி நூலகத்தில் யாரும் தொடாத அலமாரியிலிருந்துதான் அந்த நாவலை எடுத்தாய். வெள்ளைக்காரன் ஆட்சியில் எழுதியது. எழுதியவர் பேர் போடவில்லை, ‘ஒரு மலைவாசி’ என்று மட்டும் இருந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த ஆளாக இருக்கும் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். ஒரு கம்பளிக்குள் இரண்டு பேரும் புகுந்துகொண்டு, நீ வாசிக்க நான் கேட்டேன்.

மோட்டார் ரோடு வராத காலத்துக் கதை அது. வெயிலுக்குப் பயந்த துரைகளும் துரைசானிகளும் மலைக்கு வருவார்கள். நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கி வருவார்கள். அதுதான் டோலி. முன்தோள்காரனுக்குப் பாதை தெரியும். பின்தோள்காரனுக்கு நாற்காலியின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னவன் குரல் கொடுத்துக்கொண்டே போவான், பின்னவன் பதில் கொடுத்துக்கொண்டே வருவான்.

“கல்லு கெடக்கு!” என்பான் முன்னவன். “கண்டுக்கிட்டேன்!” என்பான் பின்னவன். “வலத்த பள்ளம்!” “பைய வாரேன்!” அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது, செங்குத்தான ஏற்றத்தில் முன்னவன் ராகம் போட்டுக் கேட்பான்: “மேல என்னா கனம்?” பின்னவன் பதில் சொன்னதும் நாலு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள். அந்தப் பதில் மட்டும் நாவலில் கிடையாது. இதே பதிலைப் பாடுகிற மற்ற ஆட்கள் இன்னமும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாளைக்கும் கஞ்சி வேண்டும், அதனால் பதிலை எழுத மாட்டேன் என்று ஆசிரியர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

உனக்கு வந்த கோபம்! “தோள்ல புண்ணு எங்கன இருக்குன்னு எழுதுவாராம், அதுக்கு என்ன எண்ணெ போடுறாங்கன்னு எழுதுவாராம், இத மட்டும் மறைப்பாராம். என்னடி நாயம் இது?” என்று புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாய். துரைசானியைத்தான் ஏதோ அசிங்கமாகச் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். நீ சொன்ன ஊகங்களை எல்லாம் இங்கே எழுத முடியாது, அண்ணன் படிப்பார்.

கதையில் பெரிய சம்பவம் என்று பார்த்தால் ஒன்றுதான். தூக்குகிறவர்களில் மாயாண்டி என்பவனுக்கு வழியில் காய்ச்சல் வந்துவிடுகிறது. அவனைப் பாதி வழியில் ஒரு கூரைக் கொட்டகையில் போட்டுவிட்டு வேறு ஆளை வைத்துக் கிளம்புகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. ஆள் கட்டி மேய்க்கிற சின்னையா மேஸ்திரி கொட்டகைக்குத் திரும்பிப் போய், மாயாண்டி போர்த்தியிருந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்து துரைசானியின் தொப்பிப் பெட்டிக்குப் போர்த்துகிறான். அதைப் பார்த்ததும் நாலு பேரும் டோலியை அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டுப் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். திட்டவில்லை, கத்தவில்லை. கம்பளி திரும்பிப் போனால்தான் எழுந்திருப்போம் என்கிறார்கள். துரைசானியோ, பாவம் களைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆளுக்கொரு பிஸ்கட் கொடுக்கிறாள்.

மேஸ்திரி வேறு ஆட்களைக் கூட்டி வந்துவிடுகிறான். இந்த நாலு பேருக்கு அதற்குப் பிறகு அந்த மலையில் சோலியே கிடைக்கவில்லை. நாவல் அதோடு முடிந்துவிடும்.

எனக்கு அப்போது பொறுக்கவில்லை. “ஒரு கோஷமாவது போடக் கூடாதா மதினி? இப்படிப் பிஸ்கட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கானுங்களே, இதெல்லாம் ஒரு போராட்டக் கதையா?” என்றேன். நீ எழுந்து உட்கார்ந்துகொண்டு, கம்பளி மொத்தத்தையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

“கோஷம் போட்டா வெள்ளக்காரன் அன்னைக்கே புத்தகத்தப் பிடுங்கிட்டுப் போயிருப்பான். அவன் என்னத்தத் தேடிக்கிட்டு இருந்திருப்பான்? சுதந்திரம், விடுதலைன்னு எங்கயாச்சும் இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பான். தோள் புண்ணுக்கு வேப்பெண்ணெ தடவுறதப் படிச்சிட்டு எத தடை பண்ணுவான்? உள்ளத உள்ளபடி எழுதிட்டாரு பாரு, அதுக்கு மேல என்ன போராட்டம் வேணும் ஒனக்கு?” என்றாய். “அதுவும் வெள்ளக்காரிய வில்லி ஆக்காம, நம்மாளு மேஸ்திரியப் பேரு சொல்லி எழுதிட்டாரே. அதுக்கு எம்புட்டு நெஞ்சுரம் வேணும்?”

அந்தச் சண்டை தீரவே இல்லை. நான் பஞ்சாமிர்தக் கடைக்குப் போனேன், நீ சாக்லேட் கடைக்குப் போனாய், சண்டை மட்டும் போனில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் சொல்கிறேன், ஒரே ஒரு கோஷம் போட்டிருக்கலாம். நீ மேலே இருந்துகொண்டு பல்லைக் கடித்தால் கடித்துக்கொள்.

வியாதி வந்த பிறகுதான் உனக்கு அந்த வேகம் பிடித்தது. நாவலை மறுபடி அச்சில் கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். டைப் அடிக்கக் கை நடுங்குகிறது என்று செல்போனில் வாயால் சொல்லியே முழு நாவலையும் ஏற்றினாய். அதுவும் கடையில் உட்கார்ந்துகொண்டு! அதைத் திருத்த நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத்தான் தெரியும். ‘மழை கொட்டிக்கொண்டிருந்தது, மேஸ்திரி மரத்தடியில் ஒதுங்கி நின்று பாதாம் போட்டது தீர்ந்துபோச்சு முந்திரி தரவா’ என்று இருக்கிறது. டோலியை இறக்கி வைத்த கட்டத்தில், ‘நால்வரும் தலை குனிந்து அமர்ந்து யூக்கலிப்டஸ் தைலம் சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலா சார்’ என்கிறார்கள். ஒரு வரி வெட்ட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேனா, இதையும் வெட்டக் கூடாதோ என்று ஒரு நிமிஷம் உண்மையிலேயே யோசித்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட வாக்கு அது. “அந்த மேஸ்திரி அத்தியாயத்துல யாராச்சும் கை வைப்பாங்க மகேசு. ஒரு வரி போச்சு, கபர்லருந்து எந்திரிச்சு வந்துருவேன்” என்றாய். நானும், “வர்றப்ப ஒரு கிலோ சாக்லேட் கொண்டுவா” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். வெளியே வந்து நான் வராண்டாவில் உட்கார்ந்து அழுதது உனக்குத் தெரியாது.

நீ பயந்தது போலவேதான் நடந்தது. புத்தகம் அச்சாகி வந்ததும் விழாவுக்கு இடம் தேடினோம். உங்கள் கடை இருக்கிற கட்டிடத்துக்காரர் தர்மராஜ், தன் ஹோட்டலின் கீழ்த்தள ஹாலையே தருகிறேன் என்றார். பழைய கொடைக்கானல் கதை என்றால் டூரிஸ்ட்டுகளுக்குப் பிடிக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு. அழைப்பிதழில் தலைமை என்று அவர் பேரைப் போட்டோம். அவர் வீட்டுக்கு ஊரில் மேஸ்திரி வீடு என்று பேர் இருக்கிறதே, அது நம் மண்டையில் உறைக்கவே இல்லை பார். சின்னையா மேஸ்திரி அவருடைய சொந்தத் தாத்தா!

யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மறுநாளே கடைக்கு ஆள் வந்தது. புத்தகத்தில் எங்கள் தாத்தா பேர் இருந்தால் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் எனக்குப் போன் பண்ணினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

காலையில் வெள்ளனே பழனியில் பஸ் ஏறினேன். மலைக்கு வர இப்போது வெளியூர்க் கார்களுக்கெல்லாம் இ-பாஸ் வேண்டும், தெரியுமா? அப்படியும் ஏரிப் பக்கம் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. உன் கடைக்குள் போனால் அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், உன் மகள் ஷமீம் சாக்லேட் பெட்டிகளைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

“மாமி, பேர மட்டும் மாத்திருவோம். சின்னையாங்கறத முத்தையான்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். கதை அப்படியேதான இருக்கும்?” என்றாள். அவளைக் குறை சொல்லாதே. அந்தக் கடையை நம்பித்தான் அவள் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறாள். இந்த பஜாரில் அந்த மாதிரி ஓர் இடம் இனி யாருக்குக் கிடைக்கும்?

அண்ணன் தலையை ஆட்டினார். “ஒங்கம்மா ஒரு வரி வெட்டக் கூடாதுன்னா. பேரும் அந்த வரியிலதாம்மா இருக்கு. சாவியக் குடுத்துருவோம்.”

“அத்தா, அம்மா கடையயும்தான் ஆசையா வச்சிருந்தாங்க!” என்று ஷமீம் அழுதுவிட்டாள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உன் வாக்கா, உன் கடையா? உன்னையே அடுத்த பக்கம் நிறுத்தி வைத்துக்கொண்டு உனக்காக வழக்காடுவது எப்படி? எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த மனுஷரிடமே நேரில் போய் நிற்பதுதான். ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தர்மராஜ் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து பெரும்பாறை ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர், தலையில் குல்லா, காதில் பஞ்சு. என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா. பஞ்சாமிர்தத்தக் குடுத்துச் சரிக்கட்டலாம்னு வந்தீங்களாக்கும்?” என்றார்.

“சரிக்கட்டணும்னா பெரிய டப்பாவால்ல கொண்டாந்திருப்பேன்? இது திங்கிறதுக்குங்க. ஆமா, நீங்க புத்தகத்தப் படிச்சீங்களா?”

“எம் மருமகன் சொன்னான்.”

“மருமகன் படிச்சாரா?”

“அவனுக்கு யாரோ சொன்னாங்க.”

“அப்பச் சரி. நான் வாசிக்கிறேன், கேளுங்க. முழுசாக் கேட்டுப்புட்டு அப்புறமா சாவி கேளுங்க” என்று எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நடுவில் ஒருவர் வந்து கீசரில் தண்ணீர் சுடவில்லை என்றார், இன்னொருவர் போட்டிங் எத்தனை மணி வரைக்கும் என்றார். நான் விடாமல் வாசித்தேன். உன் மாதிரியே ராகம் போட்டு, “கல்லு கெடக்கு! கண்டுக்கிட்டேன்!” என்று வாசித்து, அந்த ஏற்றத்துக்கு வந்து, “மேல என்னா கனம்?” என்று கேட்டேன்.

ஆரஞ்சுச் சுளையில் இருந்த நாரை உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அதே ராகத்தில் அவர் சொன்னார்: “மேஸ்திரி தின்ன கனம்!”

மதினி! நாம் தேடிய பதில்! நாற்காலியில் இருந்த துரைசானியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாம் அந்தம்மாவை அநியாயமாகச் சந்தேகப்பட்டோம். பக்கத்தில் கைவீசி நடந்து வந்த மேஸ்திரியைத்தான், தங்கள் கூலியைத் தின்கிறவன் என்று அவன் காதில் விழாமல் கேலி பண்ணியிருக்கிறார்கள். அச்சில் வந்திருந்தால் மேஸ்திரி மறுநாளே மிச்சம் இருந்த ஆட்களையும் விரட்டியிருப்பான். ஆசிரியர் எதற்காக மறைத்தார் என்று இப்போது புரிகிறதா உனக்கு? அவரை எவ்வளவு திட்டினாய்! போய் மன்னிப்புக் கேள், அவரும் அங்கேதானே இருப்பார்?

“இது எப்படிங்க ஒங்களுக்குத் தெரியும்?” என்றேன்.

“எது? இதா? எங்க தாத்தா சின்னப் புள்ளையில எங்கள முதுகுல தூக்கிட்டுச் சுத்துவாரு. மேல என்னா கனம்னு கேப்பாரு, நாங்க இதச் சொல்லணும். சொல்லலன்னா எறக்கி விட்டுருவாரு. அவருதான மேஸ்திரி? நல்லாச் சாப்புடுவாரு, அதத்தான் பாடுறாருன்னு நெனச்சோம்.” சொல்லிக்கொண்டே வந்தவர் சுளையைக் கீழே வைத்துவிட்டார். “அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க.”

வாசித்தேன். மேஸ்திரி காதில் விழாதபடி என்று ஆசிரியர் எழுதியிருக்கிற வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். “தூக்குறவனுக்கு மட்டுந்தான இந்தப் பதில் தெரியும்?”

“ஆமாங்க.”

“அப்ப எங்க தாத்தா மேஸ்திரி ஆகறதுக்கு முந்தி...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தன் வலது தோளை இடது கையால் தடவிப் பார்த்தார். பிறகு, “மேல வாசிங்க” என்றார். கம்பளியை உருவுகிற இடத்தையும் வாசித்தேன்.

எல்லாம் முடிந்தது, மனுஷர் உருகிவிட்டார் என்று நினைக்கிறாயா? அதுதான் இல்லை. “பேரு இருக்கட்டும்மா. ஆனா அவரும் தோள் குடுத்தவருதான்னு ஒரு பாரா சேக்கணும். அந்தப் பதிலயும் சேக்கணும்” என்று பேரத்தை ஆரம்பித்தார். “வெட்டவும் மாட்டோம், சேக்கவும் மாட்டோம். எழுதுனவரு விட்டத நிரப்புறதுக்கு நாம யாருங்க?” என்றேன். “அப்ப எங்க தாத்தா கெட்டவராவே இருக்கணுமா?” என்று குரலை உயர்த்தினார். “கெட்டவருன்னு எங்கங்க எழுதியிருக்கு? கம்பளிய எடுத்தாருன்னுதான் எழுதியிருக்கு” என்றேன். மதினி, அது உன் வாய். நீ விடுதியில் என்னிடம் பேசிய அதே தோரணை, எப்படி என் வாயில் வந்தது என்றே தெரியவில்லை.

பஞ்சாமிர்தம் பாதி தீர்ந்த பிறகு அவரே ஒரு வழி சொன்னார். “சரி. அப்ப அந்த அத்தியாயத்த மேடையில நாந்தான் வாசிப்பேன்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிட்டால்? கடையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

விழாவுக்கு நல்ல கூட்டம். பஜார்க்காரர்கள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார்கள். கிளாவரையிலிருந்து பூண்டு ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாறை எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து ஒரு கூட்டம் வந்திருந்தது. தர்மராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். முதல் வரிசையில் நானும் ஷமீமும் புத்தகத்தை மடியில் விரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

“மேல என்னா கனம்?” என்று கேட்டுவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். “இதுக்குப் பதில் புத்தகத்துல இல்ல. எங்க வீட்டுல இருக்கு” என்று சொல்லிவிட்டு, முழுத் தொண்டையில் பதிலைப் பாடினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்னொரு தடவை கேட்டார், ஹால் மொத்தமும் சேர்ந்து பதில் சொன்னது.

அப்புறம் கம்பளி வந்தது. மாயாண்டி நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறான் என்று வாசித்து நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். ஷமீம் என் கையை நசுக்கிவிட்டாள். பக்கத்தைத் திருப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் விரலை வரியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். சின்னையா மேஸ்திரி குனிந்தான். கம்பளியைப் பிடித்து இழுத்தான். மாயாண்டி ஒரு முனையை விடாமல் பிடித்திருந்தான். மேஸ்திரி அவன் விரல்களைப் பிரித்துவிட்டான். ஒன்றும் விடவில்லை மதினி, எல்லாவற்றையும் வாசித்தார்.

முடித்துவிட்டு, “எங்க தாத்தா இந்த ஊருக் குளிர்லயும் கம்பளி போத்த மாட்டாரு. வேட்டியத்தான் ரெண்டா மடிச்சுப் போத்துவாரு. ஏன்னு யாரும் கேட்டதில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ, இல்லையோ. யாரால் சொல்ல முடியும்?

அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பெரும்பாறையில் காப்பி பறிக்கிற குடும்பமாம், பேர் லெட்சுமி. “எங்க தோட்டத்துக் கங்காணி பேர நான் இப்ப சொன்னா, அவரு மகன் வந்து இப்பிடி வாசிப்பாரா?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எஸ்டேட்காரர் ஒருவர் அவசரமாகப் போன் பேசிக்கொண்டே வெளியே போனார். கோஷமே இல்லாமல் எப்படிப் போராட்டம் என்று கேட்டேனே, உனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்திருக்கும்.

வாசலில் அண்ணன் சாவியை எடுத்து நீட்டியிருக்கிறார். “இத எதுக்குங்க இதுல இழுக்குறீங்க? போய்க் கடையத் தொறங்க, ஞாயித்துக்கிழமை யாவாரம் போகுதுல்ல?” என்று தர்மராஜ் எரிந்து விழுந்தாராம். மறுநாள் காலையில் ஆள் அனுப்பி வாடகையை ஏற்றிவிட்டார் என்பது வேறு விஷயம். கதையிலும் ஒருத்தரும் திருந்தவில்லை, இங்கேயும் திருந்தவில்லை. அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நீ போன பிறகு அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நன்றி சொன்னவர் உன்னைப் பற்றியும் பேசினார். அமைதியே உருவானவர், அதிர்ந்து பேசாதவர், பொறுமையின் சிகரம் என்றார். நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் இருவரும் வெடித்திருப்போம். யாரைச் சொல்கிறார் என்று ஷமீம் என்னிடம் உண்மையாகவே கேட்டாள். அவ்வளவு சீக்கிரம் உன்னை வெட்டித் திருத்தி நல்லவளாக்கிவிட்டார்கள் பார். எனக்குச் சிரிப்பு போய் ஆத்திரம்தான் வந்தது.

அதனால் இந்த வாக்கு. உன்னைப் பற்றி நான் எழுதப்போகிறேன். விலையைக் குறைத்துக் கேட்டவரைக் கடையை விட்டு விரட்டியதை எழுதுவேன். ஷமீம் ஆசைப்பட்ட வெளியூர் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று நீ அவளோடு பேசாமல் இருந்ததையும், அது தப்பு என்று கடைசிவரை ஒத்துக்கொள்ளாததையும் எழுதுவேன். ஆஸ்பத்திரியில் குழாயைத் திறந்துவிட்டு, அண்ணன் காதில் விழாமல், “எனக்குப் பயமா இருக்கு மகேசு” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நீ அழுததையும் எழுதுவேன். நீ தைரியமாகப் போனாய் என்று ஊரே சொல்கிறது. நீ பயந்தாய் மதினி. பயந்துகொண்டே வெளியே வந்து முகத்தைத் துடைத்து, சாப்பிட்டீங்களா என்று அண்ணனைக் கேட்டாய். அதை விட்டுவிட்டு நான் யாரை எழுதுவது?

நீயே எழுந்து வந்து கெஞ்சினாலும் அதில் ஒரு வரி வெட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
தூரத்துப் பெரியம்மா வழியில் வந்த உன் நாத்தனார்,
மகேசு